ராஜா முதலியாருக்கு வேடம் இல்லை

பத்து ரோட்டுப் படக்கொட்டகைகள்: வரலாற்றுத் தொடர் – பகுதி 9

சென்ற பகுதியில் கோலாலம்பூர் கொலிசியம் தியேட்டரோடு நின்றோம். இந்த வாரம் அதன் வாசலை விட்டிறங்கி, சுற்றுவட்டாரத்துச் சாலைப் பெயர்களைப் படித்துக்கொண்டே கொஞ்சம் நடப்போம். மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தை ஒட்டிப் போவது ஜாலான் துன் பேராக். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவைத் தாண்டி வடக்கே போனால் ஜாலான் டாங் வாங்கி. அதற்குப் பக்கத்தில் ஜாலான் முன்ஷி அப்துல்லா. தெற்கே, சென்ட்ரல் மார்க்கெட் பக்கம், ஜாலான் ஹங் கஸ்தூரியும் ஜாலான் ஹங் லெகியுவும். இன்னும் தள்ளிப் போனால் ஹங் ஜெபாட், ஹங் துவா. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டு, 15ஆம் நூற்றாண்டு மலாக்காவின் அமைச்சர்களையும் வீரர்களையும் அந்த இடங்களில் மாட்டினார்கள். கேம்பல் ரோடு டாங் வாங்கி ஆனது, ரோட்ஜர் ஸ்ட்ரீட் ஹங் கஸ்தூரி ஆனது.

இந்த வீரர்களுக்கு மக்கள் மனத்தில் முகம் கொடுத்தது பள்ளிக்கூடப் புத்தகம் அல்ல, சினிமா. ஹங் துவா என்றதும் இன்றும் நம் ஊரில் பலருக்கும் பி. ராம்லிதான் நினைவுக்கு வருகிறார். 1956-ல் வந்த 'ஹங் துவா' படம் செய்த வேலை அது. மலாய்க்காரர்கள் இந்த வகையைப் பூர்பா படம் என்பார்கள். நாம் ராஜா ராணிப் படம் என்போம். வாள், கிரிஸ், அரண்மனைச் சூழ்ச்சி, மந்திரம், மலைமேல் இருக்கும் குரு, நடனமாடும் பெண், கடைசியில் ஒரு பெரிய சண்டை. உலகம் முழுக்க இந்தப் படங்களுக்கு ஒரே சமையற்குறிப்புதான்.

அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். முதல் போட்டவர்கள் ஷா சகோதரர்கள், சீனர்கள். கதைக்கு அடிப்படை எம்.சி. ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய புத்தகம். பிற்காலத்தில் முபின் ஷெப்பர்ட் என்று பெயர் பெற்றவர் இவரே. இயக்கியவர் பணி மஜும்தார், வங்காளி. 1938-ல் சைகலை வைத்துக் கல்கத்தாவில் 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்தவர். கதாநாயகனும் இசையமைப்பாளருமான பி. ராம்லி பினாங்கில் பிறந்தவர், அவருடைய தகப்பனார் சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்தவர். ஈஸ்ட்மன் கலரில் எடுத்தார்கள். 1956-ல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் இசைக்குப் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு பெர்லின் விழாவுக்குப் போட்டிப் படமாகப் போனது. ஒரு மலாய் வீரனின் கதையை எடுக்க வங்காளமும் சீனமும் பிரிட்டனும் ஆச்சேயும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருந்தன.

அந்தக் கூரை சிங்கப்பூர் பாலஸ்டியர் ரோட்டுக்குப் பக்கத்தில் ஜாலான் அம்பாஸில் இருந்தது. ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் 1947 முதல் 1967 வரை அங்கே ஏறத்தாழ 160 படங்கள் எடுத்தது. அதன் முதல் பத்தாண்டில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர்களை வாசித்தால் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துவிட்டோமோ என்று தோன்றும்: பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பி.என். ராவ், கே.எம். பாஸ்கர், பணி மஜும்தார். 1934-ல் சிங்கப்பூரில் திரையிடப்பட்ட முதல் மலாய்ப் படம் 'லைலா மஜ்னூன்' ராஜ்ஹான்ஸ் எடுத்ததுதான். பணம் போட்டது எஸ்.எம். சிஷ்டி என்ற இந்தியர் நடத்திய கம்பெனி. புக்கிட் மெர்த்தாஜாமில் பாடிக்கொண்டிருந்த இளைஞன் ராம்லியைக் கண்டெடுத்துச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தவரும் ராஜ்ஹான்ஸ். 1948-ல் 'சிந்தா' படத்தில் ராம்லி வந்தது பின்னணி பாடவும் சிறு வேடத்தில் தலைகாட்டவும். 1950-ல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர்.

ஷா சகோதரர்கள் ஏன் இந்தியர்களைத் தேடினார்கள்? போருக்கு முன்னால் ஹோ யாவ் போன்ற சீன இயக்குநர்களை வைத்து அவர்கள் மலாய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சரியாக ஓடவில்லை. மலாய் ரசிகர்களோ இந்திப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் விரும்பிப் பார்த்தார்கள். பாட்டு, ஆட்டம், அழுகை, தாயின் சாபம், பிரிந்த அண்ணன் தம்பி எல்லாம் பிடித்துப்போயிருந்தன. அதைச் செய்யத் தெரிந்தவர்களையே கொண்டுவந்துவிட்டால் போகிறது என்பது வியாபாரக் கணக்கு. மலாய் தெரியாமல் வந்த இயக்குநர்கள் காட்சியை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். உதவி இயக்குநர் அதை மலாயில் பெயர்த்துக் கொடுப்பார். பின்னாளில் பெரிய இயக்குநரான ஜாமில் சூலோங் அப்படித்தான் தொழில் கற்றார். நடிகருக்குப் பாவம் விளங்கவில்லையென்றால் இயக்குநரே எழுந்து நடித்துக் காட்டுவார். மலாய்ப் படத்தில் வரும் ஆட்கள் பம்பாய்ப் படத்து ஆட்களைப் போல் நடக்கிறார்கள், அழுகிறார்கள் என்று அக்காலத்து மலாய் விமரிசகர்கள் குறைபட்டதற்குக் காரணம் இதுதான். குறை நியாயமானதே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கேமராவுக்குப் பின்னால் இத்தனை இந்தியர்கள். கேமராவுக்கு முன்னால் இருந்த மலாக்காவில்? 'ஹங் துவா' படத்தில் பேர் சொல்லும்படியான ஒரு தமிழ்ப் பாத்திரம் கிடையாது. மலையடிவாரத்துப் பெண் மெலோர் இருக்கிறாள், பகாங்கின் துன் தேஜா இருக்கிறாள், மஜாபாகித்தின் அரசரும் வீரர்களும் வருகிறார்கள். துறைமுகத்தை நடத்தியவர்கள் இல்லை.

இதைப் பெரிய விஷயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படங்களின் மூலநூல்கள் அப்படி இல்லை. தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசிய மருந்து வணிகர் 1512-க்குப் பிறகு மலாக்காவில் தங்கி எழுதிய நூலில் அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்திருக்கிறார். கப்பல்களையும் வணிகரையும் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், ஜாவா பக்கத்தார்க்கு ஒருவர், தென்னிந்தியரையும் வங்காளத்தாரையும் பெகுக்காரரையும் சேர்த்துக் கவனிக்க ஒருவர். வெளியூர்க்காரர் எழுதியது, இருக்கட்டும். மலாய் அரச வரலாறான 'செஜாரா மெலாயு'வே என்ன சொல்கிறது? மணி புரிந்தான் என்பவர் தென்னிந்தியாவிலிருந்து மலாக்காவுக்கு வருகிறார். அவருடைய மகள் துன் வாத்தி சுல்தானுக்கு மணமுடிக்கப்படுகிறாள். அவள் பெற்ற பிள்ளைதான் பின்னால் சுல்தான் முஸாபர் ஷா. மணி புரிந்தானின் மகன் துன் அலி. துன் அலியின் மகன் துன் முத்தாஹிர், மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர். அரண்மனைக்குள்ளேயே தமிழ் முஸ்லிம் ரத்தம் ஓடியிருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர் இதைத் தன் குடும்பக் கதையைப் போலக் கேட்கலாம்.

அந்தத் துன் முத்தாஹிரின் முடிவைச் 'செஜாரா மெலாயு' சொல்லும் விதம் இருக்கிறதே, எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஷாபண்டார் ராஜா முதலியார். வணிகர் தலைவர் நைனா சூரா தேவனா. மலாய் ஏட்டில் முதலியார், மெண்டலியார் என்றிருக்கும். இருவரும் தென்னிந்தியர். இருவருக்கும் வழக்கு, பெண்டஹாரா முன்னிலைக்கு வருகிறது. தீர்ப்புக்கு முன்னிரவு நைனா சூரா தேவனா பத்துக் காத்தித் தங்கத்தோடு பெண்டஹாராவின் வீட்டுக்குப் போகிறார். கிதுல் என்று ஒருவன், நைனாவின் உறவுக்காரன், ஆனால் ராஜா முதலியாரிடம் கடன்பட்டவன். அவன் ஓடிப்போய் முதலியாரிடம் சொல்கிறான்: உங்களைக் கொல்லத்தான் தங்கம் கைமாறியிருக்கிறது. அந்தச் செய்திக்குக் கூலியாக அவன் கடன் தள்ளுபடி. பயந்துபோன முதலியார் தங்கமும் நகையும் எடுத்துக்கொண்டு லக்‌சமானா (கடற்படைத் தலைவர்) கோஜா ஹசனிடம் போகிறார். பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சொல்லி வைக்கிறார். சுல்தான் மஹ்மூத் ஷாவுக்கு ஏற்கெனவே பெண்டஹாராமேல் உள்ளுக்குள் புகைச்சல், அவருடைய அழகான மகள் துன் பாத்திமாவைத் தனக்குக் காட்டாமலேயே கட்டிக்கொடுத்துவிட்டார் என்று. விசாரணை இல்லை. 1510-ல் பெண்டஹாராவும் குடும்பத்து ஆண்களும் கொல்லப்படுகிறார்கள். சொன்னது பொய் என்று தெரிந்தபின் ராஜா முதலியாரும் கிதுலும் குடும்பத்தோடு அழிக்கப்படுகிறார்கள். மறு ஆண்டு, 1511-ல், போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் கப்பல்களோடு வந்து மலாக்காவைப் பிடித்துக்கொள்கிறார்.

அமைச்சர், வணிகர், அதிகாரி, கடன்காரன், நான்கு பேரும் தென்னிந்தியத் தொடர்புடையவர்கள். மலாக்கா வீழ்ச்சியின் நடுக்கூடத்திலேயே நிற்கிறார்கள். மலாய்த் திரையின் பொற்காலத்தில் மலாக்கா திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டும், இந்த நால்வர் ரசிகர் மனத்தில் பதியும் பாத்திரங்களாக ஆகவில்லை.

ஹங் துவாவின் கதையும் அப்படித்தான். 'ஹிகாயத் ஹங் துவா' ஏட்டில் அவன் சுல்தானின் தூதனாகக் கடல் கடந்து தென்னிந்தியாவுக்குப் போகிறான். விஜயநகரத்தில் கிருஷ்ண ராயனின் அவைக்குச் செல்கிறான். அந்நாட்டு மொழியிலேயே பேசி அரசனை அசத்துகிறான். அந்த அரசனின் தூதனாகவே சீனாவுக்கும் போய் வருகிறான். பன்மொழி பேசும் ராஜதந்திரி ஒருவன் ஏட்டில் இருக்க, படம் மலாக்கா, பகாங், மஜாபாகித் என்று சுற்றி முடித்துக்கொண்டது. கப்பலும் கடலும் விஜயநகர அரண்மனையும் போட்டால் செலவு என்ன ஆகும் என்பது ஒரு நியாயம். ஆனால் பணி மஜும்தாருக்கு இந்திய அரண்மனை ஒன்றைப் போடுவது கஷ்டமான காரியமா என்ன!

யாரோ உட்கார்ந்து திட்டமிட்டுத் தமிழனை வெட்டி எறிந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நடந்தது வேறு. 1950-களில் மலாய்ப் படம் மலாய் ரசிகருக்கு, தமிழ்ப் படம் தமிழ் ரசிகருக்கு, சீனப் படம் சீன ரசிகருக்கு என்று சந்தை மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஷாவுக்கும் போட்டி நிறுவனமான கேத்தேவுக்கும் அது வசதி. ஒரு படத்திலேயே எல்லாரையும் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ராஜ்ஹான்ஸ் போர் முடிந்த கையோடு எடுத்த 'செருவான் மெர்டேக்கா'வில் மலாய் நடிகர்களையும் சீன நடிகர்களையும் சேர்த்தே நடிக்க வைத்தார். அந்த வழியில் பின்னால் அதிகம் பேர் போகவில்லை. இன்னொரு பக்கம், மலாய் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நாடு விடுதலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். 1955-ல் ராம்லி 'பெனாரேக் பேச்சா'வை இயக்கியபின் கதவு திறந்தது. 1961-ல் கேத்தே கெரிஸுக்காக ஹுசைன் ஹனிப் 'ஹங் ஜெபாட்' எடுத்தார். அலி அஸீஸின் நாடகத்தை வைத்து, அரசனை எதிர்த்த ஜெபாட்டையே நாயகனாக்கினார். மலாய் சினிமாவில் வந்த பூர்பா படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அநியாயம் செய்யும் அரசனுக்கு விசுவாசம் காட்ட வேண்டுமா என்று மலாய்ச் சமூகம் தனக்குள் நடத்திய வாதம் அது. அதில் நமக்கு வேடம் இல்லையே என்று புகார் சொல்வது அழகல்ல.

ஆனால் இந்த வகைக் கதைகளின் பாட்டன் வீடு அப்படி ஒரே நிறமாக இருந்ததில்லை. சினிமாவுக்கு முன்னால் பங்சாவான் நாடகம். அதற்கும் முன்னால் 1870-களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் கம்பெனிகள். ஊர் திரும்பிய ஒரு பார்சிக் கம்பெனியின் திரைச்சீலைகளையும் உடைகளையும் பினாங்கு இந்திய முஸ்லிமான மாமாக் புஷி விலைக்கு வாங்கினார். 1885-ல் தன் பெயரிலேயே பங்சாவான் கம்பெனி தொடங்கினார். பங்சாவான் மேடையில் அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் எல்லாம் மலாய் மொழியில் நடந்தன. பார்க்க வந்தவர்களும் எல்லா இனத்தாரும். பகாவலிப் பூவைத் தேடிப் போகும் இளவரசனின் கதை அந்த மேடையில் பேர்போனது. அதே கதையைத்தான் 1955-ல் எம்.ஜி.ஆர். 'குலேபகாவலி'யில் நமக்குக் காட்டினார். மாமாக் புஷியின் மேடைக்கும் டி.ஆர். ராமண்ணாவின் படத்துக்கும் எழுபது ஆண்டு இடைவெளி. கதை ஒரே கப்பலில் வந்து, ஒரே கப்பலில் போய், மறுபடி வந்தது.

இனி நம் வீட்டுக் கண்ணாடியைப் பார்ப்போம். மலாய்த் திரையில் நம்மைக் காணோம் என்கிறோம். நம் ராஜா ராணிப் படங்களில் யாரைக் காட்டினோம், யாரை மறைத்தோம்?

முஸ்லிம்களைப் பொறுத்தவரை அந்தப் படங்கள் தாராளமாகவே இருந்தன. 1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. அதன் பிறகு 'பாக்தாத் திருடன்' (1960). எம்.ஜி.ஆர். குல்லாவும் அங்கியும் போட்டுக்கொண்டு முஸ்லிம் பெயரில் நாயகனாக வருகிறார். 'ராஜா தேசிங்கு' (1960) படத்தில் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரட்டை வேடம் போட்டார். சமூகப் படங்களில் முஸ்லிம் என்றால் பெரும்பாலும் நல்ல மனசுள்ள பாய், பத்து நிமிஷம் வந்து போவார். ராஜா ராணிப் படத்தில் மட்டும் கதையே அவருடையது. மஸ்ஜித் இந்தியாவில் 1863-ல் தொடங்கிய பள்ளிவாசல், தமிழில் நடக்கும் வெள்ளிக்கிழமை உரை, அதைச் சுற்றி ஜவுளியும் அத்தரும் நாசி கண்டாரும் விற்கும் கடைகள்: இந்தத் தெருவின் தமிழ் முஸ்லிம்களுக்கு நாலு எட்டில் கொலிசியம். வேறெந்தக் கதையிலும் கிடைக்காத நாயகன் அந்தப் பாக்தாதில் கிடைத்தான்.

சாதி விஷயத்தில் நம் கண்ணாடி அத்தனை சுத்தமில்லை. 1956 ஏப்ரலில் வந்த 'மதுரை வீரன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேனா செட்டியார் தயாரிப்பு, யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம். மலேசியாவில் மதுரை வீரன் சினிமாப் பாத்திரம் மட்டுமல்ல. ரப்பர்த் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில், முனியாண்டிக்கும் காளிக்கும் அருகில் வாளோடு நிற்கிற சாமி. பயந்தால் கூப்பிடுவதும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அவன் பெயரைத்தான். அருந்ததியர் அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கும்பிடுகிறார்கள். அவன் அரசன் மகனாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று அச்சில் வந்த கதைப்பாடலே சொல்லத் தொடங்கியிருந்தது. பின்னால் ஒட்டவைத்த கதை அது என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். படம் அந்த அரண்மனைப் பிறப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வளர்த்த பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். அவர்கள் வந்தாலே கொட்டகை கலகலக்கும். பாசமும் உண்டு, பகடியும் உண்டு. ஆனால் கணக்கு என்ன? செருப்புத் தைக்கிறவன் வீட்டுப் பிள்ளை வீரனாக இருக்கலாம், ராஜகுமாரியைக் கட்டலாம், உள்ளுக்குள் ராஜ ரத்தம் ஓடினால். எம்.ஜி.ஆர். அந்த வேடத்தைப் போட்டதே கோடிக்கணக்கான எளிய மக்களுக்குப் பெருமை என்பதை நான் மறுக்கவில்லை. மாறுகால் மாறுகை வாங்கும் காட்சியில் தோட்டத்துத் திடலில் சாமியாடியவர்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் பிறப்பை மாற்றிய பிறகுதான் நாற்காலி கொடுத்தோம். மலாய்ப் படம் நம்மை விட்டுவிட்டது. தமிழ்ப் படம் நம்மில் ஒரு பகுதியை வேஷம் மாற்றி உள்ளே விட்டது. எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வெள்ளைக்காரர் படங்களிலும் இதே சங்கதிதான். 1940-ல் லண்டன் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் திருட்டுப் பையன் அபுவாக வந்தவன் மைசூர் ராஜ்யத்து யானைப்பாகன் மகன் சாபு. படத்தில் எல்லாச் சாகசமும் அவனுடையது. பூதத்தை ஏமாற்றுவதும் அவன்தான், பறக்கும் கம்பளத்தில் வந்து எல்லாரையும் காப்பாற்றுவதும் அவன்தான். இளவரசியும் அரியணையும் ஆங்கில நடிகர் ஜான் ஜஸ்டினுக்கு. 1991-ல் வந்த ராபின் ஹூட் படத்தில் மார்கன் ஃப்ரீமன் ஒரு முஸ்லிம் வீரனாக வந்தபோது ஐரோப்பிய இடைக்காலத்தில் கறுப்பு மனிதன் ஏது என்று கேட்டார்கள். 2021-ல் 'தி கிரீன் நைட்' படத்தில் ஆர்தர் மன்னனின் வீரன் கவேயினாக தேவ் படேல் நடித்தார். 2022-ல் டால்கியனின் கதை தொடராக வந்தபோது, கறுப்பு நிறத்தில் தேவகணம் இருக்கலாமா என்று உலகமே சண்டை போட்டது. கற்பனை உலகம்தானே, யார் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. கதையின் மண்ணுக்கு ஒட்டவேண்டாமா என்பது எதிர்க்கட்சி.

மலாக்காவைப் பொறுத்தவரை இந்தச் சண்டைக்கே இடமில்லை. அங்கே இல்லாதவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருந்தவர்களைக் காட்டினால் போதும். சாட்சி வேண்டுமானால் மலாக்கா கஜா பெராங் பக்கம் போய்ப் பாருங்கள். மலாக்கா செட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் மலாய் பேச்சு, உடுப்பில் சரோங் கெபாயா, கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். 1781-ல் கட்டிய அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில், மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் பக்கத்தில் அதே தெருவரிசையில் நிற்கிறது. எந்த இயக்குநரும் போடும் அரங்கத்தைவிட நம்பும்படியான அரங்கம்.

புதிய படங்கள் என்ன செய்தன? 2004-ல் சாவ் தியோங் ஹின் இயக்கத்தில் 'புத்ரி குனுங் லெடாங்' வந்தது. பினாங்குச் சீனர் எடுத்த மலாய்க் காவியம். ஜாவா இளவரசிக்கும் ஹங் துவாவுக்கும் காதல். மலேசியாவிலிருந்து ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பிய முதல் படம் அதுதான். 2011-ல் கேஆர்யூ நிறுவனத்துக்காக யுஸ்ரி அப்துல் ஹலிம் எடுத்த 'ஹிகாயத் மெரோங் மஹாவங்சா' ஆங்கிலம் பேசியது. ரோம இளவரசன், சீன இளவரசி, கடற்கொள்ளையர். இடையில் கப்பல் கோவாவில் நிற்கிறது. கெடாவின் தோற்றக் கதை அது. கெடா என்றால் நமக்குக் கடாரம். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் போன இடம். அதற்கும் முன்னால், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட ராஜராஜன் நிலம் கொடுத்த உறவின் மறுகரை. பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டத் தோண்டக் கோயில் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. படத்துக்கு ரோமாபுரிவரை போகக் கால் இருந்தது, வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு வர மனம் வரவில்லை. (பூஜாங்கில் ஒரு கோயில் அடித்தளத்தையே 2013-ல் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். சினிமாவை மட்டும் சொல்லி என்ன பயன்.)

இங்கே முன்ஷி அப்துல்லாவை மறக்கக் கூடாது. ஆரம்பத்தில் பெயர்ப்பலகையில் பார்த்தோமே, அவர்தான். 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணமுடித்துத் தங்கிய அரபியரின் வழி. தமிழும் படித்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலாய்ப் பாடநூலே சொல்கிறது. 'செஜாரா மெலாயு'வைப் பதிப்பித்து 1831 வாக்கில் சிங்கப்பூரில் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த நூலை 2001-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆக, நம்மைப் பற்றிய செய்தி நூலில் இருக்கிறது, நூலை அச்சேற்றியவரிலும் நாம் இருக்கிறோம், அதைப் படமாக எடுத்தவர்களிலும் இருந்திருக்கிறோம். படத்துக்குள்தான் இல்லை.

இந்தக் குறையைப் பேசுகிற நம்மவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்களையும் காட்டுங்கள் என்று கேட்கும்போது வீரத் தமிழனை, வள்ளல் வணிகனை, பக்திமானை மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறோம். 'செஜாரா மெலாயு' கொடுப்பது அதுவல்ல. அது கொடுப்பது லஞ்சம் கொண்டுபோகும் நைனாவை, கோள் சொல்லும் கிதுலை, பயந்துபோய்ப் பொய் பரப்பும் முதலியாரை, தன் செல்வாக்கிலேயே கண் மயங்கிய பெண்டஹாராவை. வில்லனும் பலியும் இரண்டும் நம் ஆட்களே. அந்த வேடங்களை மனதார ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் நமக்கு அந்த மலாக்காவில் இடம் கேட்கும் தகுதி உண்டு. கெட்டவனாகக் காட்டினால் ஊர்வலம், நல்லவனாகக் காட்டினால் மாலை என்றிருந்தால் எந்த இயக்குநரும் நம் பக்கமே வரமாட்டார். நியாயம்தானே?

இன்று உலு கிள்ளானில் பழைய மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடம் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் கையில் இருக்கிறது. 1964-ல் சிங்கப்பூரை விட்டு வந்த பி. ராம்லி கடைசிவரை படம் எடுத்த இடம். துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையை வைத்து ஜாமில் சூலோங் 1968-ல் எடுத்த 'ராஜா பெர்சியோங்' அந்தக் காலத்தின் பெரிய பூர்பா படம். அந்த ஸ்டூடியோவைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாலான் அம்பாஸிலோ உலு கிள்ளானிலோ லைட் பிடித்தவர், செட் போட்டவர், தையல் தைத்தவர், பாட்டுக்கு வாத்தியம் வாசித்தவர் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்தத் தொடருக்கு எழுதுங்கள். கொட்டகை வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகம், டிக்கெட்டின் அடிக்கட்டை, ஒரு நோட்டீஸ் எதுவானாலும் சரி. ஒலிபெருக்கியோடு தெருவில் வரும் பழைய பேப்பர் லாரிக்கு அதையெல்லாம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.